வலிக்காத பல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

எங்கள் ஊரில் பல் டாக்டரிடம் போவதற்கு ஒரே காரணம்தான் உண்டு: வலி. அதுவும் சாதாரண வலி போதாது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, கிராம்பை அடக்கிக் கடித்து, பனடோல் விழுங்கி, கன்னம் வீங்கி, இரண்டு இரவுத் தூக்கம் கெட்ட பிறகுதான் கிளினிக் வாசலில் போய் நிற்போம். நின்றதும் சொல்வது, "பிடுங்கிவிடுங்கள்." நம் முறை வருவதற்குள் வலி அடங்கிவிட்டால் பல்லும் பிழைத்தது, நாமும் பிழைத்தோம் என்று திரும்பிவிடுவோம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். ஆக, காசு மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கத்தில் ஊறிய என் சித்தப்பாவிடம், "ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன்னால் பற்களை முழுவதும் சோதித்து, சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஏதோ அலைக்கழிக்கிறார்கள் என்றே நினைத்தார்.

"பாப்பா, எனக்கு நோய் எலும்புக்குள்ளே இருக்கிறது. இவர்கள் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பல் வலிக்கவே இல்லையே!"

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை அதட்டுகிற வேலை. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் கேள்வி கேட்பதில் சளைத்தவளும் இல்லை.

சித்தப்பாவுக்கு வந்தது மைலோமா. எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் மென்மையான பகுதிதான் மச்சை. அதற்குள் இருக்கும் பிளாஸ்மா செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகி, இரத்த உற்பத்தியையும் கெடுத்து, எலும்பையும் அரிக்கிற இரத்தப் புற்றுநோய். இளமையில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிய பிறகு நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளோடு குலை வெட்டப் போனவர். முதுகு வலிக்கிறது என்றபோது வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு வலிக்காத செம்பனைத் தொழிலாளி எங்கே இருக்கிறார்? தைலம் தேய்த்தார்கள், பட்டை கட்டினார்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று இரத்தம் சோதித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மாற்றுச் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டதும் சித்தி பயந்தது, பெரிய அறுவைச் சிகிச்சை என்று நினைத்து. கத்தியே கிடையாது. மைலோமாவில் பெரும்பாலும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களையே, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களையே, ஊசி போட்டு இரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் பிரித்தெடுத்து, உறையவைத்துக் கொள்கிறார்கள். பிறகு மெல்ஃபலான் என்ற மருந்தை மிக அதிக அளவில் செலுத்துகிறார்கள். அது புற்றுசெல்களை அழிக்கும். கூடவே மச்சையையும் துடைத்துவிடும். அதற்கப்புறம் சேமித்த செல்களை இரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துக் குடியேறி மீண்டும் இரத்தம் உண்டாக்கும். லுக்கேமியா போன்ற வேறு இரத்தப் புற்றுநோய்களில் அண்ணன், தங்கை அல்லது வேறொரு கொடையாளியின் செல்கள் தேவைப்படும். 1957-இல் இந்த முயற்சியின் முதல் முடிவுகளை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸுக்கு 1990-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் முதல் மச்சை மாற்றுச் சிகிச்சை 1987-இல் கோலாலம்பூரில், மலாயா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் நடந்தது. இன்று இரத்த நோய்கள் என்றாலே அம்பாங் மருத்துவமனையின் பெயர் முதலில் வருகிறது.

பல் எங்கே வருகிறது என்றால், இந்த இடத்தில்தான். மருந்து மச்சையைத் துடைத்த பிறகு, புதிய செல்கள் வேலையைத் தொடங்கும்வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, உடம்பில் கிருமிகளோடு சண்டையிடும் வெள்ளணுக்கள் ஏறத்தாழ இல்லை. குறிப்பாக நியூட்ரோஃபில் என்ற வகை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அது 500-க்குக் கீழே போனாலே கடும் ஆபத்து என்று கணக்கு. மாற்றுச் சிகிச்சையில் சில நாள்கள் பூஜ்ஜியத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

நம் எல்லோருடைய வாயிலும் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. சொத்தை விழுந்து நரம்பு செத்த பல்லின் வேர் நுனியில் ஒரு கூட்டம் தங்கிவிடும். உடம்பு அதைச் சுற்றி அரண் கட்டி அடைத்து வைக்கும். அதனால்தான் வலி இல்லை. அது குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை; இரு தரப்பும் ஓர் உடன்பாட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கலாம். வெள்ளணுக்கள் இல்லாமல் போகிற அந்த இரண்டு வாரத்தில் உடன்பாடு முறிந்துவிடும். வாயில் சாதுவாக இருந்த விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் புண்ணான வாய்த்தோல் வழியாகவும் ஈறு வழியாகவும் இரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்து நகரமான ஈப்போவில் எங்களைப் பார்த்த பல் மருத்துவர், ஒரு மலாய்ப் பெண், இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. ஈறு வீங்குவது, சிவப்பது, சீழ் பிடிப்பது எல்லாம் கிருமியின் வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பகுதி நம் வெள்ளணுக்களின் வேலை. சீழ் என்பதே சண்டையில் செத்த வெள்ளணுக்களின் குவியல்தான். அந்த அணுக்களே இல்லாதவருக்கு வீக்கமும் வராது, சீழும் வராது. காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். கிருமி வாயிலிருந்து வந்ததா, நுரையீரலிலிருந்தா, மருந்து ஏற்ற நெஞ்சில் செருகிய குழாயிலிருந்தா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீங்கட்டும், பிறகு பார்ப்போம் என்கிற எங்கள் ஊர் வைத்தியம் அங்கே செல்லாது. வீங்கவே வீங்காது!

சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, தோட்டத்து மலாயில் டாக்டரிடம் ஏதோ சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு எக்ஸ்ரே அறையைக் காட்டினார்.

பனோரமா எக்ஸ்ரே என்பது தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும். அந்தப் படத்தைப் பார்த்தபோது ஒரு தோட்டத் தொழிலாளியின் வாய் வரலாறு முழுவதும் அதில் இருந்தது என்றே எனக்குத் தோன்றியது. கீழ்த்தாடை இடதுபுறம், முன்னொரு காலத்தில் பிடுங்கும்போது முறிந்த ஒரு வேர்த்துண்டு எலும்புக்குள் புதைந்து கிடந்தது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு, சுற்றியிருந்த எலும்பு கரைந்து, ஈறின் தயவில் நின்றன. வலதுபுறக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் வேர் நுனியில் மிளகு அளவில் ஒரு கருநிழல். மூன்றில் ஒன்றுகூட வலிக்கவில்லை.

இந்த இடத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் பள்ளிக்கு அரசாங்கப் பல் குழு மடக்கு நாற்காலியோடு வரும். மிஸ்ஸி, அதாவது பல் தாதி, பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் கழிவறையில் ஒளிந்துகொள்வார்கள். இன்றும் வருகிறார்கள், இன்றும் ஒளிகிறார்கள். ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை தோட்டத்துப் பிள்ளைகளின் பற்களை யாரோ ஒருவர் ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்துக் குறித்து வைக்கிறார். பள்ளியை விட்டு வந்த பிறகு அவரவர் பல் அவரவர் பாடு. இடைநிலைப் பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர்களின் வாயை நாற்பது வருடம் கழித்து முதன்முதலாக ஒரு புற்றுநோய்தான் திறக்கவைக்கிறது. இது எனக்குக் கோபமூட்டுகிறது. சுங்கை சிப்புட் என்றால் 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய ஊர் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது; அந்த ஊர்ச் சனங்களின் வாயில் எத்தனை முறிந்த வேர்கள் இருக்கின்றன என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொரு கோபமும் உண்டு. மைலோமா எலும்பை அரிப்பதால், எலும்பைக் காக்க ஸோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியாக மாதந்தோறும் ஏற்றுவார்கள். நல்ல மருந்து, எலும்பு முறிவைத் தடுக்கிறது. ஆனால் இதைப் பெறுகிறவர்கள் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல், தாடை எலும்பு வெளியே தெரிந்து, செத்துப்போகும். 2003-லேயே முதல் அறிக்கைகள் வந்துவிட்டன. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் லேசில் போவதில்லை. ஆகவே பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே பிடுங்கி, புண் ஆறவிட வேண்டும். அதாவது மைலோமாக்காரருக்குப் பல் சோதனை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னால் அல்ல, அதற்கும் மாதங்கள் முன்னால், நோய் கண்டுபிடித்த கையோடு நடக்க வேண்டியது. சித்தப்பாவுக்கு முதலில் வைத்தியம் பார்த்த இடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. சில தவணை மருந்து ஏறிய பிறகுதான் பல் கடிதம் கைக்கு வந்தது. அவசரத்தில் எலும்பைப் பார்த்தவர்கள் பல்லை மறந்துவிட்டார்கள். குடும்பமும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

அதனால் ஈப்போ டாக்டரின் கணக்கு சிக்கலாகிவிட்டது. பிடுங்கினால் தாடைக்கு ஆபத்து, விட்டால் இரத்தத்துக்கு ஆபத்து. அம்பாங்கோடு பேசி அந்த எலும்பு மருந்தை நிறுத்திவைத்தார்கள். எலும்பில் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதால், இடையில் நிறுத்துவதில் எவ்வளவு பலன் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கடைசியில் எடுத்த முடிவு எங்கள் ஊர்ப் புத்திக்கு நேர் எதிரானது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களைப் பிடுங்கினார்கள். ஈறு நோய் அங்கே எப்போதும் திறந்த புண்ணாகவே இருந்தது. கருநிழல் இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்தார்கள். எலும்பைக் குத்திக் கிளறாமல் உள்ளே இருக்கும் கிருமியை மட்டும் துடைத்துவிடலாம் என்று. நாங்கள் பூதம் என்று பயந்த அந்தப் புதைந்த வேர்த்துண்டைத் தொடவே இல்லை. சுற்றிலும் நிழல் இல்லை, எலும்பு மூடியிருக்கிறது, தூங்கட்டும் என்றார் டாக்டர்.

சந்தேகத்துக்குரிய பல் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது பாதுகாப்பு என்று மருத்துவர்களில் ஒரு கட்சி உண்டு. வலியோ வீக்கமோ தராத பழைய நிழல்களைத் தொடாமல், உண்மையில் மிரட்டுகிற பற்களை மட்டும் கவனித்தால் போதும், தேவையில்லாமல் புண்ணாக்கினால் மாற்றுச் சிகிச்சைதான் தள்ளிப்போகும் என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் மருத்துவமனைகளில் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எக்ஸ்ரேவைப் பார்த்துப் பல்லுக்குப் பல் யோசிக்கிற டாக்டர் கிடைப்பதுதான் அதிர்ஷ்டம்.

பிடுங்குவதற்கும் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல, இரத்த அறிக்கையில். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தால் முதலில் தட்டணு ஏற்றிவிட்டுத்தான் பல்லைத் தொடுவார்கள். நியூட்ரோஃபில் ஆயிரத்துக்கு மேல் இருப்பது நல்லது. கீமோ தவணைகளுக்கு நடுவில் இந்த எண்கள் ஏறி இறங்கும். ஏறியிருக்கிற வாரத்தில் வேலையை முடிக்க வேண்டும். பிடுங்கிய இடம் ஆற மாற்றுச் சிகிச்சையின் மருந்துக்கு முன்னால் பத்து முதல் பதினான்கு நாளாவது வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அரை மணி நேரம்தான். ஆனால் இந்த எல்லா எண்களும் ஒரே வாரத்தில் கூடி வருவது அவ்வளவு பக்கத்தில் இல்லை. பெருநாள் விடுமுறை வேறு குறுக்கே வந்தது.

அடுத்த லயத்து (தோட்டத்து வீட்டு வரிசை) பெண்ணின் கதை வேறு. அவளுக்கு வந்தது தீவிர லுக்கேமியா. ஈறு வீங்கிப் பற்களின் மேல் ஏறி, பல் துலக்கினாலே இரத்தம் கொட்டியது. பிரஷ்ஷை மாற்றினார்கள், பேஸ்ட்டை மாற்றினார்கள். கடைசியில் பல் டாக்டர்தான் வாயைப் பார்த்துவிட்டு, பல்லில் கை வைக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில வகை லுக்கேமியாவில் புற்றுசெல்களே ஈறுக்குள் புகுந்து அதை வீங்கச் செய்யும். நோயின் முதல் அடையாளம் வாயில் தெரியும். அண்ணனின் செல்களைப் பெற்றுப் பிழைத்தவள், இப்போது வேறொன்றோடு போராடுகிறாள். அண்ணனின் வெள்ளணுக்கள் அவளுடைய வாய்த்தோலையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் அந்நியம் என்று தாக்குகின்றன. வாய் வறண்டு கிடக்கிறது. சம்பால், அதாவது மிளகாய்த் துவையல், நாக்கில் பட்டால் கண்ணீர் வருகிறது. உமிழ்நீர் இல்லாத வாயில் ஈறோரமாகச் சொத்தை வேகமாக விழும். வறட்சிக்கு மிட்டாய் சப்பாதே, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரை நாளெல்லாம் உறிஞ்சாதே என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஃபுளோரைடு ஜெல் கொடுத்திருக்கிறார்கள். பிறர் செல்களைப் பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், வெற்றிலைப் பாக்குப் பெட்டியை அவள் பாட்டி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார். அந்தப் பாட்டிக்கு நான் தனியாக ஒரு கும்பிடு போடுவேன்.

சித்தப்பாவின் மாற்றுச் சிகிச்சையில் எனக்கு மறக்காதது ஐஸ். மெல்ஃபலான் ஏறுவதற்குச் சற்று முன்பிருந்தே வாய் நிறைய ஐஸ் துண்டுகளை அடக்கிச் சப்பச் சொன்னார்கள். மருந்து முடிந்த பிறகும் தொடரச் சொன்னார்கள். குளிரில் வாய்த்தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும், வாய்ப்புண் குறையும். மெல்ஃபலான் இரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது என்பதால் இந்த எளிய உபாயம் பலிக்கிறது. "ஐஸ் கச்சாங் என்றார்கள், கச்சாங்கைக் காணோம், சீராப்பையும் காணோம்" என்று, பயறும் (கச்சாங்) இனிப்புப் பாகும் (சீராப்) சேர்த்த நம்மூர் ஐஸ் பண்டத்தை நினைத்துச் சித்தப்பா தாதியிடம் புகார் சொன்னாராம். செல்களை ஏற்றிய நாளில் அறை முழுக்கப் பூண்டு நாற்றம். உறையவைக்கச் சேர்க்கும் மருந்தின் வேலை அது.

ஐஸ் சப்பியும் வாய்ப்புண் வந்தது; வராமல் இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. வெள்ளணுக்கள் எழும்பத் தொடங்கியதும் புண்ணும் ஆறத் தொடங்கியது. அந்த நாள்களிலும் மிருதுவான பிரஷ்ஷால் பல் துலக்கச் சொன்னார்கள். இரத்தம் வருமே என்று துலக்குவதை நிறுத்திவிடுவதுதான் முன்பெல்லாம் வழக்கம். அழுக்கு படிந்த ஈறுதான் அதிகம் இரத்தம் கசியும் என்பதால் இப்போது முடிந்தவரை துலக்கத்தான் சொல்கிறார்கள். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு. மதுச்சாரம் கலந்த கடைத் திரவங்கள் கூடாது, எரிக்கும். உமிக்கரியில் வளர்ந்த சித்தப்பா, "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று வேப்பங்குச்சிக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தார். பூங்கொத்தையே உள்ளே விடாத வார்டு அது.

சித்தியின் வேண்டுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தப்பா பிழைத்து வந்தால் தைப்பூசத்தில் ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் அவரை நாக்கில் அலகு குத்திக் காவடி எடுக்க வைப்பதாக முருகனிடம் சொல்லிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. வாயில் துளை போடுவது இந்த உடம்புக்கு எவ்வளவு ஆபத்து என்று டாக்டர் விளக்கியபோது சித்திக்கு முகம் வாடிவிட்டது. பிறகு பூசாரியிடம் போய்க் கேட்டதில், சித்தியே பால்குடம் எடுத்தால் போதும் என்று முடிவானது. இவ்வளவு சுலபமாக இறங்கி வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிடுங்குவது வரைக்கும்தான் எல்லோருக்கும் அவசரம். அதற்குப் பிறகு முன்பல் இல்லாமல் ஒரு மனிதர் எப்படிச் சிரிப்பார், எப்படி முறுக்குக் கடிப்பார் என்பது யாருடைய கடிதத்திலும் இல்லை. எதிர்ப்பாற்றல் திரும்பும்வரை அவசரமில்லாத பல் வேலைகளைத் தள்ளிவைப்பார்கள். பிறர் செல்களைப் பெற்றவர்களுக்கு அது ஓராண்டுகூட ஆகலாம். அது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகும் சித்தப்பா காத்திருந்தார். இப்போது பல் செட் வந்துவிட்டது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போடுகிறார். மற்ற நேரம் தண்ணீரில் ஊறுகிறது. அழுத்தி உராய்கிறது என்றால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் எலும்பு மருந்து மீண்டும் தொடங்கிவிட்டது. செட் உராய்ந்த புண்ணிலும் தாடை எலும்பு கெடலாம்.

போன மாதம் எடுத்த படத்தில் கடைவாய்ப் பல்லின் கருநிழல் சுருங்கியிருக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல் எளிதில் உடையும். மேலே ஓர் உறை போட்டால் நல்லது என்றார் டாக்டர். தனியார் கிளினிக்கில் விலை கேட்டுவிட்டு வந்த சித்தப்பா, அந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிளின் இரண்டு டயரையும் மாற்றி மீதியும் இருக்கும் என்கிறார். உடைந்தால் பிடுங்க வேண்டிவரும், பிடுங்கக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.